தூசும் உஷ்ணமும்

தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி முதல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் எத்தனையோ, பெரிய பழுது எதுவுமின்றி, தூசு அடைத்த ஒரே காரணத்தால் வீடுகளில் முடங்கிக் கிடக்கின்றன என்று தருமபுரியில் ஆசிரியராயிருக்கும் நண்பர் வெகுகாலமாக விசனப்பட்டுக்கொண்டிருந்தார். அவற்றைச் சிரத்தையோடு சீர்செய்து தரும் இளைஞர் ஒருவர் காரிமங்கலத்தில் இருக்கிறார் என்று சொல்லி, என்னை அவரிடம் அழைத்தும் போனார்.

அருணேஸ்வரர் மலைக்கோயில் கண்ணில் படுகிற கடைவீதியில், ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் மட்டுமே கொள்ளும் கடை. அரசு மகளிர் கல்லூரி மாணவி ஒருத்தியின் மடிக்கணினி, போட்ட சிறிது நேரத்தில் தகதகவென்று சூடேறித் தானே அணைந்துவிடுகிறதென்று வந்திருந்தது. பிராசஸரின் உஷ்ணம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை எட்டினால், அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில், தன்னைக் காத்துக்கொள்ளவே அணைந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கி, திருகாணிகளைக் கழற்றி, அடித்தகட்டைத் திறந்தவுடன் பாட்டரி இணைப்பையும் அந்த இளைஞர் எடுத்துவிட்டார்.

உள்ளே ஒரு தட்டையான செப்புக்குழாய். அதனுள் அடைபட்டிருக்கும் சொற்பத் திரவம் பிராசஸரின் சூட்டில் ஆவியாகி, மறுமுனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து மீண்டும் திரும்புகிறது. செயற்கைக்கோள்களிலும் இதே தத்துவந்தான் பிரயோகமாகிறது. அந்த மறுமுனையில் நெருக்கமாய் நிற்கும் மெல்லிய தகடுகளின் ஊடே விசிறி காற்றைத் தள்ளவேண்டும். விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவிலோ, நூலும் முடியும் செம்மண்ணும் சேர்ந்து கம்பளித்துண்டு போலப் படிந்திருந்தன. வெளித்துவாரத்தின் வழியே ஊதினால் இது விசிறிக்குள்ளேயே போய்ச் சிக்கும் என்பதால், திறந்துதான் எடுக்கவேண்டுமாம். இடுக்கியால் அதை முழுசாக உரித்தெடுத்து, மிச்சத்தைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ப்ளோயரை எடுத்தார்.

"ஊதறப்ப ஃபேனை விரலால புடிச்சுக்கணும் சார். காத்துல கண்டபடி சுத்துச்சுன்னா பேரிங் போயிரும்."

பிராசஸரின் மேல் காய்ந்து கிடந்த வெப்பம் கடத்தும் பேஸ்டைத் துடைத்துப் புதிது வைத்ததும் அவர் கதைக்கு வந்தார். தேங்காய் மண்டியில் சுமை தூக்கிய தகப்பனாரின் மகன். பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி இப்படியே சூடேறியபோது, கொடுக்கக் காசில்லாமல் தாமே திறந்து பார்த்தவர். பிறகு பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் எடுபிடியாக நின்று தொழிலைக் கற்றார். அங்கே வாங்கிய மெல்லிய பெயின்ட் பிரஷ், முடி பாதி உதிர்ந்த நிலையிலும், இன்றும் அவர் கையில் இருக்கிறது. புதிய பிரஷ்ஷின் முடி விறைப்பாயிருந்து நுண்ணிய பாகங்களில் மாட்டுகிறது என்பது அவர் அபிப்பிராயம்.

இந்த வேலைக்கு அவர் வாங்கியது 400 ரூபாய். இதே கணினி ஊரில் ஒரு தரகர் கைப்பட்டு நகரத்துக்குப் போயிருந்தால், "மதர்போர்டு போயிடுச்சு" என்ற ஒற்றை வாக்கியத்தில் பல ஆயிரங்கள் கைமாறியிருக்கும். தூசு துடைத்தவனுக்கோ அதில் அற்பக் கூலியே கிடைத்திருக்கும். அறியாமையை மூலதனமாக்கும் இந்த வியாபாரத்தை அநியாயம் என்றன்றி வேறெவ்விதமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த அரசு, தாலுகாவுக்கு ஒரு பழுதுநீக்குநரையாவது நியமித்து, ஆண்டுக்கொருமுறை இந்தச் சுத்திகரிப்பை இலவசமாகச் செய்விக்கலாகாதா? அப்படியொரு ஏற்பாடு வந்தால் ஏற்பீர்களா தம்பி என்று கேட்டேன்.

"ஒரு நாளைக்கு எட்டு மிஷின் பாத்துருவேன் சார். காசு மட்டும் நடுவுல யார் கைக்கும் போகாம நேரா வரணும்."