டாக்டராக எந்த மேஜர்?

“மேடம், பொண்ணு மியூசிக் மேஜர்தான் எடுப்பேன்னு நிக்கிறா. அப்புறம் டாக்டராக முடியுமா?” அமெரிக்கக் கல்லூரியொன்றில் ப்ரீ-மெட் மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கும் என்னிடம் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிளஸ் டூ முடித்த கையோடு எம்.பி.பி.எஸ். என்றே பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். இங்கே நான்காண்டுக் கல்லூரிப் படிப்புக்குப் பிறகே நான்காண்டு மருத்துவப் படிப்பு தொடங்குகிறது. அந்த முதல் நான்காண்டில் எதை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுத்துப் படிப்பது என்பதில்தான் குழப்பம்.

முடியும் என்பதே என் பதில். உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றில் ஆய்வக வகுப்போடு ஏறத்தாழ ஓராண்டு, உயிர்வேதியியலில் ஒரு செமஸ்டர், கொஞ்சம் கணிதமோ புள்ளியியலோ, எழுத்துப் பயிற்சி: பெரும்பாலான மருத்துவப் பள்ளிகள் எதிர்பார்ப்பது இவ்வளவே. எந்த மேஜரில் இருந்துகொண்டும் இவற்றைப் படிக்கலாம். புற்றுநோய் மரபணு ஆய்வுக்காக 1989-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹெரால்ட் வார்மஸ், மருத்துவம் படிப்பதற்கு முன் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை வரை படித்தவர். நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் மருத்துவப் பள்ளி 1987-இல் தொடங்கிய திட்டத்தில், இலக்கியமும் வரலாறும் படித்தவர்களை எம்-கேட் நுழைவுத் தேர்வோ கரிம வேதியியலோ இல்லாமலேயே சேர்த்துக்கொண்டது. மருத்துவப் படிப்பில் அவர்கள் ஒட்டுமொத்தமாக மற்றவர்களுக்கு ஈடுகொடுத்தார்கள் என்று 2010-இல் வெளியான ஆய்வு சொன்னது.

ஆனால் ‘எதுவும் எடுக்கலாம்’ என்று சொல்லிவிட்டு நான் எழுந்துவிடுவதில்லை. மதிப்பெண் கணக்கை மாணவரோடு உட்கார்ந்து போட்டுப் பார்ப்பேன். மருத்துவப் பள்ளி விண்ணப்பங்களைத் திரட்டும் ஆம்காஸ் அமைப்பு தனித்தனியே காட்டும் ஜி.பி.ஏ.க்களில் (மதிப்பெண் சராசரிகளில்) இரண்டு முக்கியமானவை. ஒன்று மொத்தப் படிப்புக்கு. மற்றொன்று உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் மட்டும். முதல் செமஸ்டரில் ஒரு மாணவி, தலா நான்கு கிரெடிட் கொண்ட வேதியியலில் பி மைனஸ், உயிரியலில் பி, கால்குலஸில் சி பிளஸ் வாங்குகிறாள். தலா மூன்று கிரெடிட் கொண்ட வரலாற்றிலும் எழுத்துப் பயிற்சியிலும் ஏ என்று வைத்துக்கொள்வோம். மொத்த ஜி.பி.ஏ. 3.11. அறிவியல் ஜி.பி.ஏ. 2.67. தவறிய பாடத்தைத் திரும்பப் படித்தாலும் பழைய மதிப்பெண் கணக்கிலிருந்து போகாது.

மேஜர் முக்கியமாவது இந்த இடத்தில்தான். உயிரியல் மேஜர் என்றால் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் மரபியல், உடலியங்கியல் என்று இன்னும் பல அறிவியல் பாடங்கள் வரும். சரிவை ஈடுகட்ட வாய்ப்பு உண்டு. வரலாறு மேஜருக்கு அறிவியல் பாடங்களே குறைவு, ஒவ்வொன்றின் கனமும் அதிகம். இசையோ வரலாறோ எடுப்பவர்களிடம், முதல் செமஸ்டரிலேயே மூன்று அறிவியல் பாடங்களை அடுக்காதே, ஒன்றோ இரண்டோ எடுத்து நன்றாகச் செய் என்பேன். பொறியியல் எடுக்க நினைப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை: கடினமான மேஜர் என்பதற்காக ஆம்காஸ் கணக்கில் ஒரு புள்ளியும் கூடுதலாகக் கிடைக்காது.

இன்னொரு உண்மையையும் பெற்றோரிடம் மறைப்பதில்லை. ஓராண்டில் விண்ணப்பிப்பவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேருக்கே எம்.டி. (இங்கே அடிப்படை மருத்துவப் பட்டம்) படிப்பில் இடம் கிடைக்கிறது. ஆகவே மருத்துவ இடம் கிடைக்காவிட்டாலும் தன் காலில் நிற்க உதவும் படிப்பா என்றும் பார்க்க வேண்டும். மருத்துவப் பள்ளிக்குப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் விருப்பமின்றி உயிரியல் படித்தவர், இடம் கிடைக்காத நாளில் இரட்டை இழப்புக்கு ஆளாகிறார்.

பிடித்த பாடத்தை எடுப்பவருக்கு மதிப்பெண் எளிதாக வருகிறது என்பது ஒரு நன்மைதான். அதைவிடப் பெரியது, ஒரு துறைக்குள் ஆழமாக இறங்கிப் பழகுவது. மூலச் சான்றுகளைத் தேடி, முரண்படும் சாட்சியங்களை எடைபோட்டு ஆய்வேடு எழுதும் வரலாற்று மாணவி, நோயாளி சொல்லும் கதையில் எது விடுபட்டிருக்கிறது என்று கேட்கத் தயாராகிறாள். எம்-கேட்டில் 53 கேள்விகளும் 90 நிமிடமும் கொண்ட வாசிப்புப் பகுதி முழுக்க இந்தத் திறனைத்தான் சோதிக்கிறது. அறிவியல் மனப்பாடம் அங்கே உதவாது. நேர்முகத் தேர்வில் ‘ஏன் இந்த மேஜர்?’ என்று கேட்கும்போது, நேசித்துப் படித்தவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

அதனால் மேஜர் படிவத்தை நிரப்பும் முன் ஒவ்வொரு மாணவரிடமும் நான் கேட்பது: பரீட்சையில் வராது என்று தெரிந்தும் எந்தப் பாடத்தில் கூடுதலாகப் படித்தாய்? அந்தப் பதில் உயிரியல் என்றால் தயங்காமல் உயிரியல் எடு. இசை என்றால் இசை எடு. முதல் ஆண்டிலிருந்தே அறிவியல் பாடங்களுக்குச் செமஸ்டர் வாரியாகத் திட்டம் போடுவோம். மருத்துவர் ஆன பிறகும் வாழ்நாள் முழுக்கப் படித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். விரும்பிப் படிக்கும் பழக்கத்தை இந்த நான்காண்டில் இழந்துவிடாமல் காப்பதே நல்ல தயாரிப்பு.