வேரில் ஊற்றிய மருந்து

திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வாடகை, மெஸ் சாம்பார், தண்ணீர்க் கஷ்டம் எல்லாம் சொல்வார்கள். படர்தாமரையை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒரே கொடியில் நாலு பேர் துணி, அதுவும் அரை ஈரம். அப்புறம் அரிக்காமல் என்ன செய்யும்?

இதற்கு ஒரு காலத்தில் டாக்டர்கள் எழுதித் தந்த பிரபல மாத்திரை, காய்கறித் தோட்டம் வழியாக வந்தது தெரியுமோ? பெயர் க்ரைசியோஃபுல்வின். 1939-ல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியாவிடம் அதன் ஜம்பம் பலிக்கவில்லை, ஓரங்கட்டிவிட்டார்கள். பிற்பாடு இங்கிலாந்தில் தக்காளிச் செடிக்குக் கொடுத்தபோது, வேர் வழியாக ஏறி இலையைப் பூஞ்சையிடமிருந்து காப்பாற்றியது. வேரில் ஊற்றினால் இலைக்குப் போகிறது. வாயில் போட்டால் தோலுக்குப் போகாதா? 1958-ல் ஜென்டில்ஸ் என்பவர் கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பேஷாகப் போயிற்று!

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. புனே பக்கம் பிம்ப்ரியில் அரசாங்கத்தின் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ். அங்கிருந்த திருமலாச்சார், செடிகளின் நோய்களைப் படித்தவர். அவர் குழு மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைத் துழாவி, மனிதர்களுக்கு ஹமைசின், பயிர்களுக்கு ஆரியோஃபங்கின் என இரண்டையும் தந்தது.

வயலில் ஏன் தேட வேண்டும்? பூஞ்சையின் செல் நம் செல்லுக்குப் பங்காளி மாதிரி. அதை அடித்தால் நமக்கும் படும். அதனால் கைவசம் உள்ள மருந்து வகைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பயிர்க் கம்பெனிகளோ ஆயிரக்கணக்கான ரசாயனங்களைச் சலித்து வைத்திருக்கின்றன. அதில் தேடுவது புத்திசாலித்தனம்தான்.

ஆனால் ஒரே மருந்தினம் இரண்டு இடத்திலும் புழங்கினால்? 'அஸோல்' வகை வயலிலும் உண்டு, ஆஸ்பத்திரியிலும் உண்டு. டெல்லி வல்லபாய் படேல் செஸ்ட் இன்ஸ்டிட்யூட் ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரலைத் தாக்கும் ஒரு பூஞ்சை நெல் வயலிலும் பூந்தொட்டி மண்ணிலும்கூட அஸோலுக்கு அசையாமல் இருந்தது. தெளித்தது விவசாயி. மருந்து வேலை செய்யாமல் படுத்திருக்கப் போவது, வயலையே பார்க்காத நோயாளி.

பி.காம். படித்தவனுக்கு இது ஒரே டெபாசிட்டை இரண்டு பேங்கில் அடகு வைக்கிற கதையாகத் தெரிகிறது. பயிர் மருந்துக்கு அனுமதி விவசாய அமைச்சகத்தின் பக்கம், மனித மருந்துக்குச் சுகாதார அமைச்சகத்தின் பக்கம். அடுத்த நல்ல மருந்து அகப்படும்போது, கடைக்கு வருவதற்கு முன்பே இரண்டு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, இது வயலுக்கா வார்டுக்கா என்று முடிவு பண்ணிவிடட்டும். விவசாயிக்கு வேறொன்று கண்டுபிடித்துக் கொடுக்கலாம். ஐ.சி.யூ.வில் இருப்பவருக்கு அவகாசம் கிடையாது சார்.