ஒன்பதாம் நாள் மாலை

இரண்டு வார ஸ்பிரிண்டில் பத்து வேலைநாள்கள். ஒன்பதாம் நாள் மாலைதான் நிரல் சோதனையாளரின் கைக்கு வருகிறது. மறுநாள் காலை டெமோ. இடைப்பட்ட நேரத்தில் அவர் எதைக் கண்டுபிடித்தாலும் குழுவுக்குத் தொல்லை; கண்டுபிடிக்காமல் விட்டாலோ அவருடைய தவறு. பெங்களூரு, புனே, ஹைதராபாத் என்று எந்நகரத்து மென்பொருள் அலுவலகத்திலும் அஜைல் என்ற பெயரில் இக்காட்சியைக் காணலாம். பழைய வாட்டர்ஃபால் முறையில் திட்டத்தின் இறுதியில் ஒருமுறை நேர்ந்த நெருக்கடி இப்போது மாதம் இருமுறை நேர்கிறது.

சோதனையைத் தனித்துறையாக வைத்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. க்ளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் வெளியிட்ட ‘தி ஆர்ட் ஆஃப் சாஃப்ட்வேர் டெஸ்டிங்’ நூலில், தாம் எழுதிய நிரலைத் தாமே சோதிப்பதை நிரலாளர் தவிர்க்க வேண்டும் என்று வாதிட்டார். கட்டியவருக்கு அதை இடித்துப் பார்க்க மனம் வராது என்பதே அதன் அடிப்படை. அவ்வாதம் இன்றும் பழுதுபடவில்லை. இந்தியச் சேவை நிறுவனங்களில் வேறொன்றும் இதனோடு சேர்ந்துகொண்டது. சோதனை தனி ஒப்பந்தமாகவே விற்கப்பட்டது: தனி ஆள்கணக்கு, தனி விலை, தனி மேலாளர். (சோதனையாளர் எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பல இடங்களில் முடிவு செய்தது முறையியலா, பில்லா என்பது ஆய்வுக்குரியது.)

1990களின் இறுதியில் கென்ட் பெக் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் இதைத் தலைகீழாக்கியது. நிரலுக்கு முன்பே சோதனை. அதை எழுதுபவரும் நிரலாளரே. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடி அஜைல் அறிக்கையை உருவாக்கிய 17 பேரில் சோதனைத் துறையைச் சேர்ந்த பிரையன் மாரிக்கும் ஒருவர். அவர் 2003இல் செய்த பகுப்பு இன்றும் பயன்படுகிறது. நிரலாக்கத்துக்குத் துணைநிற்கும் சோதனைகள் ஒருபுறம், உருவான பொருளை விமர்சிக்கும் சோதனைகள் மறுபுறம். முதல் வகை குழுவின் அன்றாட உழைப்பில் கரையலாம், கரையவும் வேண்டும். இரண்டாம் வகைக்கு ஓர் அந்நியப் பார்வை தேவை. பல குழுக்கள் இரண்டையும் ஒரே ஆளின் தலையில், அதுவும் ஒன்பதாம் நாளில், சுமத்துகின்றன.

பணம் செலுத்தும் செயலி ஒன்றைக் கருதலாம். பயனர் பொத்தானை அழுத்துகிறார். கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது. இணைப்பு அறுந்ததால் உறுதிச்செய்தி மட்டும் வரவில்லை. மீண்டும் அழுத்துகிறார். இது புதிய கட்டளையா, பழையதன் மறுமுயற்சியா? முதல்நாள் திட்டமிடல் கூட்டத்திலேயே சோதனையாளர் இதைக் கேட்டால் விடை எளிது. ஒவ்வொரு கட்டளையோடும் செயலி ஒரு தனி எண்ணை அனுப்பும். அதே எண் மறுபடி வந்தால் சேவையகம் பணத்தைத் தொடாமல் பழைய விடையையே திருப்பித் தரும். அரைமணி நேரப் பேச்சும் ஒரு தானியங்கிச் சோதனையும் போதும். இதே கேள்வி ஒன்பதாம் நாள் எழுந்தால் தரவுத்தளம் முதல் திரை வரை எல்லாவற்றிலும் கைவைக்க நேரும். ஆகவே அது ‘அடுத்த ஸ்பிரிண்டில் பார்க்கலாம்’ என்ற பட்டியலுக்குப் போகும். அதற்குள் யாரோ ஒருவருக்கு இருமுறை பணம் போயிருக்கும்.

சோதனையாளரின் நாற்காலி நிரலாளருக்கு அருகே நகர்ந்ததை மட்டும் வைத்து ஒரு குழுவை மதிப்பிட இயலாது. அவருடைய கேள்வி எத்தனையாம் நாளில் கேட்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தானியக்கம் இதற்கு ஈடாகாது. காரணமின்றித் தோற்று, மறுமுறை ஓட்டினால் தேறும் சோதனைகள் சில சேர்ந்தால் போதும். சிவப்பைக் கண்டதும் ‘மறுபடி ஓட்டு’ என்பது அனிச்சையாகிவிடும். பிறகு உண்மையான சிவப்பும் அப்படியே கடந்துபோகும்.

குழுவுக்குள் வந்த சோதனையாளர் இழந்ததும் ஒன்றுண்டு. தனித்துறை கலைந்தபோது சகாக்களும் கலைந்தனர். ஆறு நிரலாளர்களுக்கு நடுவே இன்று அவர் ஒருவர். அவருடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவரே வெளியீட்டுத் தேதிக்கும் பொறுப்பாளர். இந்நிலையில் ‘இது இன்னும் முடியவில்லை’ என்று சொல்லத் துணிவு வேண்டும். பல குழுக்களின் சோதனையாளர்கள் வாரம் ஒருமுறை கூடும் வட்டங்களைச் சில நிறுவனங்கள் அமைத்திருக்கின்றன. மதிப்பீட்டையும் அவ்வட்டத்தின் மூத்தவரிடம் ஒப்படைக்காவிடில் அது தேநீர்ப் பேச்சோடு முடியும். அஜைல் குறித்து ஆய்வேடு எழுதுவோர் குழுக்களின் வேகத்தை அளக்கும்போது, ‘முடியவில்லை’ என்று சொன்னவருக்கு அவ்வாண்டு என்ன மதிப்பீடு கிடைத்தது என்றும் ஒரு கேள்வியைத் தங்கள் வினாநிரலில் சேர்க்கலாம்.