பனிப்பறவைகளும் 183 நாள் கணக்கும்

மக்களே, ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ஒரு மாசமா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னைக்குக் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். வரி, விசா, இன்சூரன்ஸ் எல்லாம் வரும். நடுவுல தூக்கம் வந்தா கம்பெனி பொறுப்பில்ல :)

கனடால 'ஸ்நோபேர்ட்'னு ஒரு வார்த்தை ரொம்பப் பிரபலம். நவம்பர்ல குளிர் ஆரம்பிச்சதும் மூட்டை கட்டிக்கிட்டு ஃப்ளோரிடா, அரிசோனான்னு கிளம்பிடற ரிட்டயர்டு ஆளுங்களுக்கு இந்தப் பேரு. ஏப்ரல்ல பனி உருகினதும் திரும்பி வந்துடுவாங்க. நம்ம ஊர் வேடந்தாங்கல் கதைதான். என்ன, வேடந்தாங்கலுக்கு வர்ற நாரை கிட்ட "எத்தனை நாள் தங்கப்போற?"ன்னு யாரும் கேக்கறதில்ல. இவங்க கிட்ட கேப்பாங்க. ஒருத்தர் இல்ல, மூணு பேர் கேப்பாங்க. மூணு பேருக்கும் கணக்கு வேற வேற.

நான் குடியிருக்கற பேஸ்மெண்ட்டுக்கு மேல் வீட்டுல இருக்கற தாத்தா-பாட்டி இந்த ரகம். தாத்தா பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். ஃப்ளோரிடால ஒரு டிரைலர் பார்க்ல சின்னதா ஒரு வீடு வெச்சிருக்காங்க. பெரிய பணக்காரங்கன்னு நினைச்சுடாதீங்க. டொராண்டோல இருந்து கார்லயே கிளம்பி, டெட்ராய்ட் தாண்டி, ஐ-75 நெடுஞ்சாலையப் புடிச்சு, ரெண்டு ராத்திரி தங்கித் தங்கிப் போய்ச் சேருவாங்க. 2024 கோடையில ஒரு நாள் தாத்தா ஒரு டைரியோட கீழ வந்தார். "நீ கம்ப்யூட்டர் ஆளுதானே, இந்த நாளையெல்லாம் கொஞ்சம் எண்ணிக் குடு"ன்னார். பொட்டி தட்டறவன் கிட்ட எக்ஸெல் ஷீட் கேட்டா விடுவேனா? உக்காந்துட்டேன்.

மொதல்ல அந்த மூணு கணக்கு என்னன்னு பாத்துடுவோம்.

முதல் கணக்கு, குடிவரவு. கனடா குடிமகனா இருந்தா அமெரிக்காவுக்குச் சுத்திப் பாக்கப் போக விசா வேணாம். பொதுவா ஒரு தடவை உள்ள விட்டா ஆறு மாசம் வரைக்கும் இருக்கலாம். ஆனா அது உரிமை கிடையாது, எல்லையில இருக்கற அதிகாரி முடிவு பண்றது. "இந்த ஆள் கனடால இருக்கறத விட இங்கதான் ஜாஸ்தி இருக்கான்"னு அவருக்குத் தோணிட்டா திருப்பி அனுப்பிடலாம்.

ரெண்டாவது, வரி. ஐ.ஆர்.எஸ். கணக்குதான் இதுல சூப்பர் ஸ்டார். இந்த வருஷம் அமெரிக்கால இருந்த நாள் முழுசா, போன வருஷ நாள்ல மூணுல ஒரு பங்கு, அதுக்கு முந்தின வருஷத்துல ஆறுல ஒரு பங்கு. எல்லாம் கூட்டி 183 வந்தா (இந்த வருஷம் குறைஞ்சது 31 நாளாவது இருந்திருக்கணும்) வரி விஷயத்துல நீ அமெரிக்காவாசி. உலகத்துல எங்க சம்பாதிச்சாலும் அவங்களுக்குக் கணக்கு காட்டணும். தாத்தா வழக்கமா நவம்பர் 1 போய் ஏப்ரல் 14 கிளம்புவார். வருஷத்துக்கு 165 நாள். 165 + 55 + 27.5 = 247.5. தாண்டியாச்சு! வருஷா வருஷம் 121 நாளுக்குள்ள இருந்தாத்தான் இந்தக் கணக்குல மாட்டாம தப்பிக்கலாம்.

தாண்டினவங்களுக்கும் ஒரு வழி இருக்கு. ஃபாரம் 8840. "நான் இங்க இருந்தாலும் என் வாழ்க்கை கனடாலதான்"னு சொல்ற படிவம். ஜூன் 15-க்குள்ள போடணும். புருஷன் பொண்டாட்டி தனித்தனியாப் போடணும். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருந்தா இது செல்லாது. எல்லாத்துக்கும் மேல, அந்த ஒரு காலண்டர் வருஷத்துல மட்டும் 183 நாளுக்குக் கம்மியா இருந்திருக்கணும். அதையும் தாண்டிட்டா ரெண்டு நாட்டு வரி ஒப்பந்தத்தக் காட்டி ஃபாரம் 1040-என்.ஆர்., கூடவே 8833-ன்னு போகணும். ஆடிட்டர் காட்டுல மழை.

மூணாவது, ஒண்டாரியோ மாகாண மருத்துவ அட்டை. எந்த 12 மாசத்த எடுத்தாலும் 212 நாளுக்கு மேல மாகாணத்த விட்டு வெளிய இருக்கக் கூடாது. வெளிய போறப்ப அந்த அட்டைய நம்பவும் முடியாது. வெளிநாட்டு ஆஸ்பத்திரில படுத்தா ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 கனடா டாலர்தான் குடுப்பாங்க. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லுல அது சுண்டைக்காய். டிராவல் இன்சூரன்ஸ் இல்லாமப் போனா வீட்ட வித்துத்தான் கட்டணும்.

ஒண்ணு அதிகாரி கணக்கு, ஒண்ணு காலண்டர் வருஷக் கணக்கு, ஒண்ணு உருண்டுக்கிட்டே இருக்கற 12 மாசக் கணக்கு. மூணு டீம் தனித்தனியா எழுதின கோடு மாதிரி, ஒண்ணுக்கொண்ணு பேசாது. 'ஆறு மாசம்'ங்கற ஒரே சொல்லப் புடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சமாளிச்சுடலாம்னு நினைக்கறவங்கதான் மாட்டறாங்க.

இன்னொரு கூத்து, நாள்னா என்னங்கறது. காலைல எல்லை தாண்டி பஃபலோல ஷாப்பிங் முடிச்சு சாயங்காலம் திரும்பினாலும் ஐ.ஆர்.எஸ்.-க்கு அது முழு நாள். தாத்தா அந்தக் கோடையில பேரனோட விளையாட்டுப் போட்டிக்குன்னு நாலு தடவை பஃபலோ போயிருந்தார். நாலு நாள் கணக்குல ஏறிடுச்சு. யாருக்குத் தெரியப்போகுதுன்னு விட முடியுமான்னா, முடியாது. தரைவழி போற வர்ற எல்லார் விவரத்தையும் 2019 ஜூலைலேர்ந்து கனடா அதிகாரிங்களே பதிவு பண்ணிக்கறாங்க. 2020 ஜூன்லேர்ந்து விமானத்துக்கும். நாம மறந்தாலும் ரெண்டு அரசாங்கமும் மறக்காது.

சரி, தாத்தா ஏன் அவ்ளோ பதட்டமா டைரியத் தூக்கிட்டு வந்தார்?

2024 ஏப்ரல் 8. ஊர் திரும்ப ஆறு நாள் இருக்கறப்ப பாட்டி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு போச்சு. அங்கேயே ஆபரேஷன். ஏப்ரல் 14 கிளம்ப வேண்டியவங்க மே 6 அன்னைக்குத்தான் வந்து சேர்ந்தாங்க. நவம்பர் 1 உள்ள போனவங்களுக்கு ஏப்ரல் 30-ஓட ஆறு மாசம் முடியுது. நல்லவேளை அவங்க மகள் விவரமானவங்க. அதுக்கு முன்னாடியே டாக்டர் லெட்டரோட ஐ-539-ன்னு தங்கற காலத்த நீட்டிக்கக் கேக்கற படிவத்த அனுப்பிட்டாங்க. டிராவல் இன்சூரன்ஸ் இருந்ததால பில்லும் சமாளிச்சாச்சு. மருத்துவ அட்டைக் கணக்குலயும் 212-க்குள்ளதான்.

மிச்சம் வரி. ஜனவரி 1-லேர்ந்து மே 6 வரைக்கும் 127 நாள். வழக்கம் போல நவம்பர் 1 கிளம்பினா இன்னொரு 61. கூட்டினா 188. பஃபலோவ சேர்க்காமலே 183-அத் தாண்டிடுச்சு. அதாவது 8840 கிடையாது.

இதுக்கும் ஒரு விலக்கு உண்டு. அமெரிக்கால இருக்கறப்ப புதுசா உடம்புக்கு ஏதாவது வந்து, அதனாலயே கிளம்ப முடியாமப் போனா, அந்த நாளையெல்லாம் எண்ண வேணாம். ஃபாரம் 8843, டாக்டர் கையெழுத்தோட. பாட்டியோட ஏப்ரல் 15 முதல் மே 6 வரைக்குமான 22 நாள் அப்படியே கழிஞ்சு போச்சு. 188 இப்ப 166. பாட்டி சேஃப்.

தாத்தா?

படிவம் கேக்கறது "உன் உடம்புக்கு என்ன ஆச்சு, ஏன் உன்னால கிளம்ப முடியல"ன்னு. தாத்தாவுக்கு ஒண்ணும் ஆகல. அவர் ஆஸ்பத்திரில பாட்டி பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தார், அவ்ளோதான். அதுக்கு அந்தப் படிவத்துல கட்டம் கிடையாது. எத்தனையோ வருஷம் சேர்ந்து குடித்தனம் பண்ணினவங்க, ஒரே கார்ல போயி ஒரே கார்ல வந்தவங்க. பாட்டியோட 22 நாள் கணக்குல இல்ல, தாத்தாவோட 22 நாள் கணக்குல இருக்கு. நான் எக்ஸெல்ல ரெண்டு காலம் போட்டுக் காட்டினேன். தாத்தா ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு, "அப்ப நான் அவள விட்டுட்டு வந்திருக்கணுமா?"ன்னு கேட்டார். கோபமாக் கேக்கல. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

தீர்வு சிம்பிள்தான். 127 + பஃபலோ 4 = 131. 182 வரைக்கும் போகலாம்னா பாக்கி 51 நாள். விளிம்புல நிக்க வேணாம்னு நவம்பர் 20 கிளம்பச் சொன்னேன். மொத்தம் 173. பாட்டி வேணும்னா முன்னாடியே ஃப்ளைட்ல போலாம், அவங்க கணக்கு இடிக்காது. பாட்டி சிரிச்சுக்கிட்டே, "அவர் இல்லாம எனக்கு அங்க என்ன வேலை?"ன்னுட்டாங்க. டொராண்டோ நவம்பர்ல வாக்கர் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் டிரைவ்வேல நடை பழகினாங்க. 20-ஆம் தேதி காலைல கார் கிளம்புச்சு.

அப்புறமும் ரூல்ஸ் மாறிக்கிட்டேதான் இருக்கு. 2025 ஏப்ரல் 11-லேர்ந்து, 30 நாளோ அதுக்கு மேலயோ தங்கறவங்க பதிவு பண்ணிக்கணும்னு வந்துச்சு. விமானத்துல போனா ஐ-94 தானா உருவாகும், அதுவே பதிவு. கார்ல போறவங்களுக்குப் பல சமயம் அது குடுக்கறதில்ல. அவங்க ஆன்லைன்ல ஜி-325ஆர் போடணும். தாத்தா மாதிரி பாலம் தாண்டற ஆளுங்களுக்குத்தான் இந்தத் தலைவலி. சொந்த வீட்ட அங்க வாடகைக்கு விட்டாலோ வித்தாலோ அது தனி ராமாயணம், இன்னொரு நாள் பாக்கலாம்.

நம்ம மக்களுக்கு ஒரு வார்த்தை. விசா இல்லாமப் போற சலுகை கனடா குடிமக்களுக்குத்தான். பி.ஆர். கார்டும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டும் வெச்சிருக்கறவங்களுக்கு விசா வேணும். ஆனா ஐ.ஆர்.எஸ். நாள் கணக்கு பாஸ்போர்ட் கலர் பாக்கறதில்ல. நியூஜெர்சில மகன், ஸ்கார்பரோல மகள்னு மாறி மாறி இருக்கற அப்பா அம்மாக்கள் நிறைய பேர் இருக்காங்க. அவங்க நாளையும் யாராவது எண்ணணும்.

8840-ல வர்ற கேள்விங்களச் சொல்லாம முடிக்க முடியாது. நிரந்தர வீடு எங்க? குடும்பம் எங்க? கார் எங்க? சாமான் செட்டு எங்க? லைசென்ஸ் எந்த ஊரு? ஓட்டு எங்க? பேங்க் கணக்கு எங்க? தாத்தாவுக்கு நான் டைப் பண்ணிக் குடுத்தேன். எல்லாத்துக்கும் ஒண்டாரியோ, ஒண்டாரியோன்னு டக்கு டக்குனு பதில் வந்துச்சு. மனசுக்குள்ள எனக்கும் ஒரு படிவம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. கார் இங்க. பேங்க் ரெண்டு இடத்துலயும். குடும்பம் தஞ்சாவூர். சாமான் செட்டு, இங்க ரெண்டு சூட்கேஸ், அங்க ஒரு பீரோ. குடியுரிமைக்கு அஞ்சு வருஷத்துல 1,095 நாள்னு நானும் ஒரு ஷீட் வெச்சு எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். ஊருக்குப் போற ஒவ்வொரு லீவும் அதுல மைனஸ். அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு போன நாளும் அதுல மைனஸ்தான்.

ரூல்ஸ் தப்புன்னு சொல்ல வரல. எங்கயாவது கோடு கிழிச்சுத்தான் ஆகணும். ஆனா கோட்டுக்கு இந்தப் பக்கம் எத்தனை நாள், அந்தப் பக்கம் எத்தனை நாள்னு டைரில எழுதி வைங்க மக்களே. ஒரு நாள் யார் பக்கத்துலயாவது உக்காந்திருக்க வேண்டி வரும். அன்னைக்குக் கையில கொஞ்சம் நாள் மிச்சம் இருக்கட்டும்.

டிஸ்கி: நான் ஆடிட்டரும் இல்ல, வக்கீலும் இல்ல. எக்ஸெல் தெரிஞ்ச ஆளு, அவ்ளோதான். முடிவெடுக்கறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.