சிறு கூடமும் கருமேசையும்

நகரத்து அடுக்குமாடி வீடுகளில் 'ஹால்' என்று மரியாதையாக வழங்கப்படும் அறை, பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவினதே ஆயினும், விருந்தினரை உபசரிப்பதும், பிள்ளைகள் பாடம் படிப்பதும், பெரியவர்கள் பகலில் சற்றே கண்ணயர்வதும், நவராத்திரி வந்தால் கொலுப்படி ஏறுவதும் எல்லாம் அங்கேயே நடந்தாக வேண்டியிருப்பதால், அதனுள் புதிதாக நுழைய விரும்பும் எந்த வஸ்துவும் தன் வருகைக்குத் தக்க காரணம் காட்டியே தீர வேண்டும். சோபாவின் கையருகே காப்பித் தம்ளரும் மூக்குக் கண்ணாடியும் வைப்பதற்கு ஒரு சிறு மேசை வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் அபிப்பிராய பேதம் இல்லை. அது கறுத்த மரத்தால் ஆனதாக இருக்கட்டும் என்று நான் சொன்னபோதுதான் ஆட்சேபம் கிளம்பிற்று. "இருக்கிற இடமே இத்தனூண்டு, அதிலே கறுப்பா ஒண்ணைக் கொண்டுவந்து வச்சா இன்னும் இருட்டிப் போகாதா?" என்று கேட்டாள் என் மனைவி. சிறிய அறைக்கு வெளிர்நிறமே ஏற்றது என்பது இன்று கடைக்காரர் முதல் கட்டடக் கலை பயின்றவர் வரை பலரும் ஓதும் உபதேசமாகிவிட்டபடியால், அந்தக் கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆயினும் அதைச் சற்று விசாரித்துப் பார்க்கலாம்.

நம் பழைய வீடுகளுக்கு இந்த விவகாரமே இருந்ததில்லை. பாயிலும் ஊஞ்சற்பலகையிலும் அமர்ந்து பொழுதைக் கழித்தவர்களுக்குக் கைக்கெட்டும் சாமான்களை வைக்கத் தரையே போதுமானதாயிருந்தது. விளக்குக்குச் சுவரில் மாடம் இருந்தது. வெற்றிலைச் செல்லம் மனிதனோடு கூடவே இடம் பெயர்ந்தது. நாற்காலியும் சோபாவும் ஐரோப்பியர் வழியாக வந்து, மனிதன் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்ந்து உட்காரத் தொடங்கிய பிறகே, அவனுடைய காப்பியும் பத்திரிகையும் அவனோடு உயர வேண்டிய அவசியம் நேர்ந்தது. செட்டிநாட்டு மாளிகைகளில் பர்மாத் தேக்குத் தூண்களும் கறுத்த மரச் சாமான்களும் கண்ணை உறுத்தாமல் கம்பீரமாக விளங்குகின்றனவென்றால், அதற்குக் காரணம் முற்றத்தின் வழியே தாராளமாக இறங்கும் வெயிலும், முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சினால் பளபளக்கும் சுவர்களுமே. கருமைக்கு அங்கே வெளிச்சமும் கிடைத்தது, தூரமும் கிடைத்தது. ஒரு ஜன்னலும் ஒரு பால்கனிக் கதவும் கொண்ட நம் கூடத்தில் இரண்டுக்கும் பஞ்சம்.

இருந்தபோதிலும், அறையை அடைத்துக்கொள்ளும் குற்றத்தை நிறத்தின்மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. ஓர் இடம் விசாலமானதா, நெருக்கமானதா என்பதைக் கண் பெரும்பாலும் தரையைக் கொண்டே தீர்மானிக்கிறது. பக்கங்களில் பலகை அடித்து, உள்ளே இரண்டு இழுப்பறைகளும் வைத்த மேசை, சந்தன நிறத்திலேயே இருந்தாலும், தான் நிற்கும் தரை முழுவதையும் விழுங்கிவிடும். மெல்லிய கால்களின்மேல் நிற்பதோ, கருங்காலியிலேயே கடைந்ததானாலும், தன் கீழே தரையைத் தடையின்றிச் செல்ல விடும். 1803-ல் வெளியான தம் தச்சுக்கலை அகராதியில் தாமஸ் ஷெரட்டன் என்னும் ஆங்கிலேயர், ஒன்றிலிருந்து ஒன்றாக வெளியே இழுக்கத்தக்க சிறு மேசைகளின் தொகுதி ஒன்றை விவரித்திருக்கிறார். அந்த வமிசத்தைச் சேர்ந்தவைதாம், நம் நடுத்தரக் குடும்பங்களில் விருந்தினருக்குச் சிற்றுண்டி வைக்க வெளியே வந்து, அவர்கள் விடைபெற்றதும் ஒன்றுக்குள் ஒன்று ஒடுங்கிக்கொள்ளும் அடுக்கு மேசைகள். இடப் பஞ்சத்துக்குப் பரிகாரம் அமைப்பிலே இருக்கிறது என்பதை அவை பிரத்தியட்சமாகக் காட்டுகின்றன. மேற்பலகை சோபாவின் கை உயரத்துக்குச் சமமாகவோ, ஓரிரண்டு அங்குலம் தாழ்ந்தோ இருந்து, அகலம் 16 அங்குலத்தை மீறாமல், மனிதர் நடமாட இரண்டரை அடி வழியும் மிஞ்சுமானால், அந்த மேசை இடத்தை அடைக்கிறது என்று யாரும் குறை கூற முடியாது.

இனி நிறத்துக்கு வருவோம். கருமை என்பது தனித்து நிற்கும் குணமன்று. அண்டையில் இருப்பதைப் பொறுத்தே அது கூடவோ குறையவோ செய்யும். சுண்ணாம்பு வெள்ளைச் சுவரின் முன்னே வைத்த கருமேசை தன் விளிம்புகளை வரைந்து காட்டும். கரும்பழுப்புச் சோபாவை ஒட்டி வைத்தால் அதனோடு கலந்து, இருக்குமிடம் தெரியாமல் அடங்கிவிடும். எங்கள் ஊர் வெயில், பிற்பகலில் பளிங்குபோல் வழுவழுத்த ஓடு பதித்த தரையில் பட்டுத் தெறிக்கும்போது, அறை முழுவதும் வெளிறிப்போய், கண் சற்றே தங்கி இளைப்பாற ஓரிடம் தேடும். அந்த வேளையில் கறுத்த மேற்பலகை ஒன்று, குழந்தையின் கன்னத்தில் இட்ட திருஷ்டிப் பொட்டைப் போல, சுற்றியுள்ள வெண்மையைத் துலங்கச் செய்வதைக் காணலாம். ஆனால் வெளிச்சம் எட்டாத மூலையில் அதே மேசையை நிறுத்தினால் என் மனைவி சொன்னதே பலிக்கும். ஜன்னலின் பக்கவாட்டு ஒளி படுமிடமே அதற்குரிய ஸ்தானம்.

எந்தக் கருமை என்பதும் விசாரிக்கத் தக்கதே. சில மரங்களுக்குக் கருமை பிறவியிலேயே உண்டு. தோதகத்தியின் வைரம் ஊதா கலந்த பழுப்பில் கரிய ரேகைகள் ஓட விளங்குவது. கருங்காலியோ நீரில் இட்டால் அமிழ்ந்து போகும் கனமுடையது. நம் சாலையோரங்களில் கேட்பாரற்று நிற்கும் வாகை மரத்தின் வைரமும் அழகிய கரும்பழுப்பே. மரவாணிபத்தில் அதற்குக் 'கிழக்கிந்திய வால்நட்' என்ற பெயரும் உண்டு. நாமோ அதை விறகுக்குக் கொடுத்துவிட்டு, வெளிறிய ரப்பர் மரத்தின்மேல் வால்நட் சாயம் ஏற்றிய மேசையைக் கடையில் விலை பேசுகிறோம்! சாயத்தைக் குறை கூறவில்லை. ஆனால் அதன் இரகசியம் முதற்கீறலிலேயே வெளிப்பட்டுவிடும். வைரம் பாய்ந்த மரத்தில் கீறல் விழுந்தால் உள்ளேயும் அதே நிறம் இருக்கும். சாயமேற்றியதில் வெள்ளைக் கோடு எழும்பும். ஆகவே வாங்குகிறவர் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பலகையையும் காலின் நுனியையும் ஒருமுறை பார்த்துவிடுவது உத்தமம்.

புதிதாகத் தோதகத்தி வாங்குவதில் மனச்சாட்சிக்கும் சற்று வேலை இருக்கிறது. அளவுமீறி வெட்டப்பட்டதால் அம்மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2017 முதல் அந்த இனத்து மரங்கள் யாவும் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. பழைய சாமான் வாங்குவதில் இந்தச் சங்கடம் இல்லை. காரைக்குடிப் பழம்பொருட் கடைகளிலோ, அவரவர் ஊரில் பழைய மரச்சாமான் விற்கும் இடங்களிலோ, முன்பே வெட்டப்பட்ட மரம் மறு வாழ்வுக்குக் காத்து நிற்கிறது. நல்ல ஆசாரி ஒருவர் ஆட்டங்கண்ட மூட்டுகளைக் கழற்றி இறுக்கி, உப்புத்தாள் தேய்த்துப் பாலிஷ் போட்டுக் கொடுத்தால், இன்னும் ஒரு தலைமுறைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அந்தப் பாலிஷ் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் பூசுவதாக இருந்தால், சூடான பாத்திரம் பட்ட இடத்தில் வெண்ணிற வளையம் விழும் என்பதை மறக்கலாகாது. காப்பியைத் தம்ளரோடு மட்டும் கொடாமல் டவராவில் வைத்துக் கொடுக்கும் நம் வழக்கம், மேசைக்கும் க்ஷேமமானதே.

கடைசியாகத் தூசி. "தினம் இரண்டு வேளை துடைக்கணுமே, அதை யார் செய்வாங்க?" என்று அடுத்த கேள்வி எழும். வெளிர்நிற மேசையிலும் அதே தூசிதான் படிகிறது. அது மறைத்து வைக்கிறது, கருமேசை அம்பலப்படுத்திவிடுகிறது. மருந்துச் சீட்டு, மின்சாரக் கட்டணக் காகிதம், பழைய பத்திரிகை ஆகிய அனைத்தும் கறுத்த பலகையின்மேல் பளிச்சென்று தெரிந்து மானத்தை வாங்குவதால், அவற்றை உரிய இடத்தில் சேர்க்கும் ஒழுங்கும் நாளடைவில் வீட்டில் ஏற்படுகிறது. சிறிய கூடத்துக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

எனவே, சிறு கூடத்தில் கருமேசை தாராளமாக இருக்கலாம் என்பதே என் தீர்ப்பு: மெல்லிய காலுடையதாக, வெளிச்சம் படுமிடத்தில், சோடி சேர்க்காமல் ஒன்றே ஒன்றாக. அதை விரும்பி வாங்குகிறவர் துடைக்கும் துணியையும் தம் கையிலேயே எடுத்துக்கொள்ளக் கடவர்.