ஸ்காட்லாந்தில் ஒரு மதராஸ்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சிறு நகரம். கோல்ப் ஆட்டத்துக்குப் பெயர் போன ஊர். அங்கே ஸவுத் தெருவில், டொமினிக்கன் சாமியார்களின் இடிந்த கோயிலுக்குப் பின்னால், பழைய கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் பெயரைக் கேட்டால் நமக்குத் தூக்கிவாரிப் போடும்: 'மதராஸ் காலேஜ்'! பெயர்தான் காலேஜ்; வாஸ்தவத்தில் அது பள்ளிக்கூடம். 1833 முதல் 2021 வரை அங்கே பாடம் நடந்தது. இப்போது பள்ளி வேறு இடத்தில் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. மதராஸும் கூடவே போயிருக்கிறது.

இந்தப் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோனவர் அவ்வூர்க்காரரான ஆண்ட்ரூ பெல் பாதிரியார். 1789-இல் சென்னை எழும்பூரில், வெள்ளைக்காரச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியை அவர் ஏற்று நடத்தினார். ஒருநாள் குதிரைமேல் போகும்போது ஒரு 'மலபார்' பள்ளிக்கூடம் கண்ணில் பட்டது. (தமிழர்களை மலபார்கள் என்பது அந்தக் கால இங்கிலீஷ்காரர்களின் வழக்கம்.) பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார் பெல். உதவி உபாத்தியாயர்கள் கையை விரித்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? அரிச்சுவடி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்துவிட்டார்! பெரியவர்களுக்கு வராத காரியம் அவனுக்கு வந்தது. அக்காள் தம்பிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதை வீட்டில் பார்த்திருக்கும் தாய்மார்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.

பிறகு மற்ற வகுப்புகளும் பிள்ளைகள் கைக்கே வந்தன. வாசிப்புப் பாடத்தில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். ஒருவன் விட்ட இடத்திலிருந்து அடுத்தவன் வாசிக்க வேண்டும். தப்பு வந்தால் அடுத்து நிற்பவன் திருத்துவான். திருத்தினவன் வரிசையில் மேலே ஏறுவான். ஆகையால் யார் வாசித்தாலும் அத்தனை கண்களும் புத்தகத்தில்தான். தன் முறை வரட்டும் என்று தூங்க வழியில்லை!

1797-இல் பெல் இதை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் 'மதராஸ் முறை'ப் பள்ளிகள் ஏராளமாகத் தோன்றின. ஒரே வாத்தியாரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பது தர்மவான்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வாசித்ததன் பொருள் விளங்கிற்றா என்று கேட்கத்தான் ஆளில்லை.

மணலைக் கடன் வாங்கியதை பெல் மறைக்கவில்லை. பிள்ளைக்குப் பிள்ளை கற்பிப்பது மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சாதித்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை அறிந்த நாம் அதை எப்படி ஒப்புக்கொள்வது? பெல் 1832-இல் காலமாகி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானார். அந்த மணல் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் பெயரை அவர் எழுதி வைக்கவில்லை.