உத்தியோகத் தாயும் தாய்ப்பாலும்

பெற்ற தாய்க்குப் பாலூட்டவும் கற்பிக்க வேண்டுமோ என்று நகைப்பார் உளர். பாட்டியும் பெரியதாயும் சூழ்ந்திருந்த வீட்டில் அவ்வறிவு கேளாமலே வந்தது, மெய்தான். ஆயின், காலை ஏழு மணிக்குப் பேருந்தைப் பிடிக்கும் தாய்க்கு அவர்களாலும் சொல்ல இயலாத செய்திகள் சில உண்டு.

முதல் 6 மாதமும் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டா என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நமது நாட்டிலோ பிரசவ விடுமுறை 84 வேலை நாட்கள். அதிலும் ஒரு பகுதி பேற்றுக்கு முன்னரே கழிந்துவிடுகின்றது. பால்மாப் பேணி வீட்டினுள் நுழைவது இந்த இடைவெளியினூடாகவே.

நாம் அறிந்த இளம் ஆசிரியை ஒருவர் அவ்வாறு திரும்பி வந்தார். பத்து மணிப் பாடத்திலேயே மார்பு கனத்து நோவெடுக்கும். ஒதுங்குதற்கு மலகூடமன்றி இடமில்லை. பொறுத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் பால் வற்றிவிட்டதென்றார்.

தேங்கத் தேங்கச் சுரப்புக் குறையும். வெளியேற வெளியேற ஊறும். இதனை அவருக்கு எவரும் சொல்லவில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கைகழுவி, சுத்தமான மூடியுள்ள போத்தலிற் பாலைப் பிழிந்தெடுத்தல் வேண்டும். அப்பால் சாதாரண அறையில் 4 மணித்தியாலமும் குளிர்ப்பெட்டியில் 4 நாளும் கெடாதிருக்கும். நமது வெக்கைக்கு ஐஸ் இட்ட பையே நன்று. அடுப்பிற் காய்ச்சலாகாது, போத்தலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிச் சிறு கோப்பையாற் பருக்கலாம், சூப்பியும் வேண்டா. இரவில் அணைத்து ஊட்டுவதும் சுரப்பைக் காக்கும்.

பகலிற் பிள்ளையை வைத்திருப்பவர் மாமியாரெனின், எடுத்துவைத்த பால் ஆகாதென்று அவர் முகஞ்சுளிப்பதுண்டு. ஆதலால் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது மாமியாரும் கணவரும் உடனிருந்து கேட்டல் வேண்டும். ஐஸ் பையை நிரப்பக் கணவருக்குப் பட்டம் வேண்டியதில்லை!

1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் வரும் தாய்மாருக்கு, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, 9 மணித்தியால வேலையில் இரு பாலூட்டும் இடைவேளைகள் உரியன. தொழிலிடத்திற் பிள்ளை பராமரிப்பிடம் இருப்பின் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். இன்றேல் ஒரு மணித்தியாலம். உணவு இடைவேளை இதிற் சேராது. மலையகத் தோட்டங்களிற் பிள்ளைக் காம்பரா பழைய ஏற்பாடு. பட்டணத்துக் கந்தோர்களில் ஒரு கதிரையும் தாழிடக்கூடிய கதவும் கிடைப்பதே அரிது.

அவ்வாசிரியை இரண்டாம் பிள்ளைக்கு அதிபரிடம் நூலகப் பின்னறையின் திறப்பைத் தாமே கேட்டு வாங்கினார். அத்திறப்பு இப்பொழுது விஞ்ஞான ஆசிரியையிடம் இருக்கின்றது.